குரல் மருந்துப் பெட்டி

மென்பொருளை ஒரு தடவை மூடித் திறக்கச் சொன்னதற்கு, போனின் அந்தப் பக்கம் இருந்தவர் மடிக்கணினியையே மூடிவிட்டார். 'டப்' என்ற சத்தம் பாப்பாவுக்குத் தெளிவாகக் கேட்டது.

“மூடிட்டேன்மா. திறக்கவா?”

“திறங்க சார். திறந்துட்டு, பாட்டு ரெக்கார்ட் பண்றீங்கல்ல, அந்த சாஃப்ட்வேரை மட்டும் மூடித் திறங்க.”

“அதை வேற தனியா மூடணுமா?”

மூடத்தான் வேண்டும். அதற்கு முன்னால் ஜிப் கோப்பைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் உள்ளே அதே பெயரில் இன்னொரு கோப்புறை இருக்கும், பெட்டிக்குள் பெட்டி. பாதிப் பேர் வெளிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு, 'ஒண்ணுமே வரலியேம்மா' என்று போன் போடுவார்கள். மீதிப் பேர் சரியான பெட்டியை, சரியான இடத்துக்குப் பக்கத்து வீட்டில் போட்டிருப்பார்கள். எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, 'இதைச் சாப்பாட்டுக்கு முன்னாடி போடணுமா பின்னாடி போடணுமா?' என்று ஒருவர் கேட்டதும் உண்டு. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. விற்பதற்கு 'குரல் மருந்துப் பெட்டி' என்று பெயர் வைத்தது அண்ணன்தான்.

இந்தக் காலத்தில் ப்ரீசெட் என்றால் என்ன என்று தெரியாதவர்களும் இருக்கிறார்கள். அண்ணியே அவர்களில் ஒருத்தி. பாடிய குரலைக் கணினியில் ஏற்றிய பிறகு அதன் கீச்சைக் குறைப்பார்கள், கார்வையைக் கூட்டுவார்கள், கொஞ்சம் எதிரொலி சேர்ப்பார்கள். இப்படி ஒருவர் திருகித் திருகிக் கண்டுபிடித்த அளவுகளை ஒரு கோப்பாகச் சேமித்துக் கொடுத்தால், அடுத்தவர் திருகாமலேயே போட்டுக்கொள்ளலாம். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அவ்வளவுதான் என்று சொன்னால் யார் வாங்குவார்கள்? அதனால் அண்ணன் கேமராவுக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, ஹெட்போனை ஸ்டெதஸ்கோப் மாதிரி கழுத்தில் தொங்கவிட்டு, 'குரல் டாக்டர்' என்ற பெயரில் வாரா வாரம் உலகத்துக்கு வைத்தியம் பார்த்துவந்தார். “உங்க குரல்ல நோய் இல்ல நண்பர்களே. சிகிச்சைதான் கிடைக்கல” என்று தொடங்குவார். வாங்கியவர்களை வாடிக்கையாளர் என்று சொல்லமாட்டார், 'நம்ம பேஷண்ட்ஸ்' என்பார். பெட்டிக்குள் 'தேன்', 'பட்டு', 'இடி' என்று வகைக்கு ஒரு மருந்து. இதற்கெல்லாம் முன்பு அவர் கூட்டங்களுக்கு மைக் செட் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார். இசைக்கும் அவருக்கும் இருந்த உறவு, மேடையேறி ‘ஹலோ ஹலோ, ஒன் டூ த்ரீ’ சொன்னதுதான். அதைச் சுருதியோடு சொன்னார் என்று அண்ணி இன்றைக்கும் சாதிப்பாள்.

பாப்பா அவருடைய தங்கை. வயது முப்பத்தெட்டு. பிறந்தபோது வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்க, வீட்டில் பாப்பா என்பதே நிலைத்துவிட்டது. கல்யாணம் ஒன்று நடந்து, அது நடந்த வேகத்திலேயே முடிந்தும் போயிருந்தது. டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஒரு டிராவல்ஸில் வேலை பார்த்தாள். அதையும் ஒருநாள் இழுத்து மூடினார்கள். “வேற எதாவது கிடைக்கிற வரைக்கும் எனக்குக் கொஞ்சம் ஒத்தாசையா இரேன்” என்றார் அண்ணன். அந்தக் 'கொஞ்சம்' நாளாக நாளாகக் காலை எழுந்ததிலிருந்து சாயங்காலம் வரைக்குமான கொஞ்சமாக வளர்ந்தது. போனில் பெட்டியை நிறுவிக் கொடுப்பது அதில் ஒரு பகுதி. இன்னொரு பகுதியைப் பற்றி வெளியில் யாருக்கும் தெரியாது.

மருந்து என்றால் குணம் காட்ட வேண்டுமே. ஒவ்வொரு விளம்பர வீடியோவிலும் 'சிகிச்சைக்கு முன்' ஒரு குரல் பாடும். கேட்பவர்களுக்கே தொண்டை வலிக்கும். பிறகு அண்ணன் ஒரு பொத்தானை அழுத்துவார், 'சிகிச்சைக்குப் பின்' அதே குரல் பாடும். அப்போது பின்னணியில் பறவை பறக்கிற படம் ஒன்று வரும். முன்னும் பாப்பாதான், பின்னும் பாப்பாதான். ஒரு காலத்தில் சூட்கேஸ்கள் அடுக்கியிருந்த, இப்போது சுவரெல்லாம் ஸ்பாஞ்சு ஒட்டிய சின்ன அறையில், 'முன்'னுக்கு ஃபேனை ஓடவிட்டு, மைக்கைக் கொஞ்சம் கோணலாகத் திருப்பிவிட்டு, “உசிரே இல்லாம பாடு பாப்பா. பல்வலின்னு நினைச்சுக்கோ” என்பார் அண்ணன். பாப்பா தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, வாயைப் பாதி திறந்து, ஸ்வரத்துக்கு ஒரு விரல்கடை கீழேயே நின்று பாடிக் கொடுப்பாள். 'பின்'னுக்கு ஃபேன் நிற்கும், வெந்நீர் வரும், மைக் நேராகும். பாப்பா நிமிர்ந்து உட்கார்ந்து பாடுவாள். அதன்மேல் 'தேன்' ஒரே ஒரு சொட்டு விழும். உலகம் அந்தச் சொட்டைத்தான் வாங்கிக்கொண்டிருந்தது.

இதில் பாப்பாவுக்கு ஆரம்பத்தில் ஒன்றும் தோன்றவில்லை. வீட்டு வேலை எத்தனையோ, அதில் இது ஒன்று. ஆனால் வீடியோக்களுக்குக் கீழே வரும் கருத்துகளைப் படிக்கத் தொடங்கினாள், அது தப்பாகப் போயிற்று. 'பாவம் அந்தம்மா, முன்னாடி எப்படிக் கஷ்டப்பட்டிருக்கும்.' 'இந்தக் குரலையே தேத்திட்டாருன்னா, டாக்டர் செத்தவனையும் பிழைக்க வெச்சிடுவார்.' யாரென்றே தெரியாத ஒரு நோயாளியைப் பற்றிப் படிப்பதுபோல முதலில் படித்துச் சிரித்தாள். பிறகு சிரிக்காமல் படித்தாள்.

அவளிடம் ஒரு பாட்டு இருந்தது. சொந்தமாக எழுதி, சொந்தமாக மெட்டுப் போட்டது. பஸ்ஸில் யாரோ மறந்துவிட்டுப்போன ஒரு குடை, அதே பஸ்ஸில் ஊரைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பற்றி. டிராவல்ஸ் நாட்களில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தபோது தோன்றியது. இதை ஒழுங்காகப் பதிவு செய்து, தன் பெயர் போட்டு வெளியிட வேண்டும் என்பது அவள் ஆசை. மற்றபடி புகழ், மேடை, மாலை என்றெல்லாம் அவள் நினைக்கவில்லை. பாட்டு, பக்கத்தில் தன் பெயர். அவ்வளவு போதும். அண்ணனிடம் சொன்னபோது அவர் முழுதாகக் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவினார்.

“மெட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா குடையைப் பத்தி யாரு பாப்பா கேப்பா? காதல், கண்ணீரு, எதாவது ஒண்ணு வையேன். அந்தக் குடை அவன் குடுத்ததுன்னு வை.”

“எவன் குடுத்தது?”

“எவனோ ஒருத்தன்.”

“யாரும் குடுக்கலண்ணா. அது கடையில வாங்கின குடை.”

“சரி விடு. அடுத்த மாசம் உக்காந்து நிதானமா பண்ணுவோம்.”

அந்த அடுத்த மாதம் ரொம்ப நல்ல மாதம். எப்போது கேட்டாலும் அடுத்ததாகவே இருந்தது.

இப்படியிருக்கையில், பெட்டியின் புதிய பதிப்பு வெளிவரும் சமயத்தில், எவனோ ஒருவன் கருத்துப் பகுதியில் 'எல்லாம் எடிட்டிங். லைவ்ல பண்ணிக் காட்டு பாப்போம்' என்று எழுதிவிட்டான். அதற்குக் கீழே நிறையப் பேர் ஆமாம் போட்டார்கள். அண்ணன் அன்று முழுக்கச் சாப்பிடும்போதுகூட ஹெட்போனைக் கழற்றவில்லை. மறுநாள் காலையில், வரும் ஞாயிற்றுக்கிழமை முற்பகல் நேரலையில் சிகிச்சை செய்து காட்டப்போவதாக அறிவித்துவிட்டுப் பாப்பாவைத் தேடி வந்தார். அவர் முகத்தில் வள்ளல்களுக்கு வரும் களை வந்திருந்தது.

“பாப்பா, உனக்கு ஒரு நல்ல சேதி. லைவ்ல உன் பாட்டையே வெச்சுக்குவோம்.”

பாப்பா கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள். “குடைப் பாட்டையா?”

“அதேதான். ஊரே கேக்கப்போவுது. வேற யார் பாட்டை வெச்சாலும் உரிமை அது இதுன்னு பிடுங்குவான். இதுன்னா நம்ம வீட்டுப் பாட்டு.”

“என் பேரு போடுவியா?”

“அதெல்லாம் கடைசில பாத்துக்கலாம். முதல்ல முன் ஒருக்கா, அப்புறம் பின் ஒருக்கா. முதல் நாலு வரி போதும்.”

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அந்தப் பாட்டு வெளியுலகத்தில் முதல் தடவையாகக் கேட்கப்போவது பல்வலியோடு.

அன்று இரவு அண்ணியிடம் சொன்னாள். அண்ணி துணி மடித்துக்கொண்டே கேட்டாள். “ஒரு தடவை கேவலமாப் பாடினா என்ன, அடுத்த நிமிஷமே நல்லாப் பாடப்போற” என்றாள். கொஞ்சம் கழித்து, “எனக்கென்னமோ அது சரியாப் படல. ஆனா எனக்குத்தான் இந்தப் பாட்டு விஷயமெல்லாம் தெரியாதே” என்று சொல்லிவிட்டுத் தலையணை உறையை உதறினாள்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூடத்தில் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தார். சுவரில் நாலு நரம்போடு ஒரு கிடார் தொங்கியது. எடுத்து வாசிக்கச் சொல்லி யாரும் கேட்டுவிடக்கூடாது என்பதற்காகவே அது உயரத்தில் மாட்டப்பட்டிருந்தது. மேஜைமேல் 'சிகிச்சைக்கு முன்', 'சிகிச்சைக்குப் பின்' என்று கெட்டி எழுத்தில் இரண்டு அட்டைகள். பாப்பா ஸ்பாஞ்சு அறையில், ஹெட்போன் மாட்டிக்கொண்டு. நோயாளியின் அடையாளத்தை வெளியிடுவது மருத்துவ தர்மம் ஆகாது என்று அண்ணன் நேயர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தது அவளுக்குக் கேட்டது. ஃபேன் ஓடியது. மைக் கோணலாக இருந்தது. அண்ணன் முதல் அட்டையை எடுத்துக் கேமராவுக்குக் காட்டிவிட்டு, “அம்மா, பாடுங்க” என்றார்.

பாப்பா தோளைத் தொங்கப் போட்டாள். பல்வலியை நினைத்தாள். வாயைப் பாதி திறந்தாள். எதிர்க்க வேண்டும் என்று அவள் எதையும் திட்டம் போட்டு வரவில்லை. அண்ணன் சொன்னபடி செய்துவிட்டுப் போகத்தான் வந்திருந்தாள். ஆனால் முதல் சொல்லைக் கீழே இறக்கிப் பிடிக்கப் பார்த்தபோது, இத்தனை நாள் எந்தப் பாட்டுக்கும் வளைந்துகொடுத்த தொண்டை இதற்கு வளையவில்லை. அப்படி ஒரு ஸ்வரத்தில் அந்தச் சொல் அவளுக்குத் தெரியவே தெரியாது. கை தானாகப் போய் ஃபேனை அணைத்தது. மைக்கை நேராக்கியது.

*கடைசி ஸ்டாப்பும் வந்தாச்சு, இறங்க ஆளில்ல*
*மழைக்குன்னே பொறந்தவ நான், நனைய நாளில்ல*

நாலு வரியையும் பாடி முடித்தாள். ஹெட்போனில் அண்ணன் இருமுவது கேட்டது. “சரி. இப்ப… இப்ப சிகிச்சை” என்றார். அவசரத்தில், வித்தியாசம் தெரிய வேண்டுமே என்ற பதற்றத்தில், எப்போதும் ஒரு சொட்டு விடுகிற 'தேனை' அண்டாவோடு கவிழ்த்துவிட்டார். பாப்பா மறுபடி அதேபோலப் பாடினாள். அவள் காதுக்குத் திரும்பி வந்த குரல், யாரையோ தகர டிரம்முக்குள் போட்டு மூடி, மேலே உட்கார்ந்துகொண்டதுபோல இருந்தது.

கூடத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நேரலையில் கொஞ்ச நேரம் என்பது ரொம்ப நேரம். பாப்பா கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். அண்ணனின் நெற்றி வியர்த்திருந்தது. திரையில் கேள்விக்குறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவருடைய இரண்டு கைகளிலும் இரண்டு அட்டைகள். மைக் செட் காலத்தில் பேச்சுக்கு நடுவே கரண்ட் போனால் கூட்டத்தைச் சமாளித்த மனிதர் அவர். அட்டைகளைப் பார்த்தார், கேமராவைப் பார்த்தார், அட்டைகளை இடம் மாற்றினார்.

“நண்பர்களே! கவனிச்சவங்க கண்டுபிடிச்சிருப்பீங்க” என்றார். குரலில் பழைய கம்பீரம் வந்துவிட்டது. “வேணும்னேதான் வரிசையை மாத்தினேன். நீங்க முதல்ல கேட்டது, சிகிச்சைக்குப் பின். புத்தம்புது 'தேன்'. ரெண்டாவதா கேட்டீங்களே, அதுதான் அந்தம்மாவோட பச்சைக் குரல். இப்ப சொல்லுங்க, எடிட்டிங்கா இது?”

இதயப் படங்கள் திரையெங்கும் மேலே ஏறின.

எல்லாம் முடிந்து கேமராவை அணைத்ததும் அண்ணன் ஸ்பாஞ்சு அறைக்குள் தலையை நீட்டினார். கோபமாக வருவார் என்று பாப்பா நினைத்திருந்தாள். அவர் சந்தோஷத்தில் இருந்தார். “நீ பண்ண சொதப்பலை எப்படித் தூக்கி நிறுத்தினேன் பாத்தியா? என்ன பாப்பா, பதட்டத்துல மறந்துட்டியா? பரவால்ல, முதல் தடவை லைவுன்னா அப்படித்தான்.”

சமையலறையிலிருந்து அண்ணி, “உங்கண்ணன் கிணத்துல விழுந்தாலும் குளிச்சுட்டு வர்றேன்னு சொல்லிட்டுத்தான் ஏறுவார்” என்றாள். அது பெருமையா கேலியா என்று பிரிக்க முடியாத குரல் அவளுடையது.

“அண்ணா, என் பாட்டை இப்பவாவது முழுசாப் பதிவு பண்ணலாமா?” என்றாள் பாப்பா.

அண்ணன் ஹெட்போனைக் கழுத்திலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். நிஜமான யோசனை வந்தால்தான் அப்படிச் செய்வார். “இங்க பாரு, இனிமே அது முடியாது. உன் குரலைத்தான் ஊரு 'தேன்'னு நினைச்சுட்டிருக்கு. இப்ப நீ போயி பாடினா என்ன சொல்லுவான்? 'ஓ, அந்தப் பொட்டியை வாங்கிப் போட்டுப் பாடியிருக்கு'ம்பான். இல்லன்னா, 'அடப்பாவி, அது ப்ரீசெட்டே இல்ல, இந்தப் பொம்பளை குரலுதான்'ம்பான். ஒண்ணு உனக்கு அசிங்கம், ஒண்ணு எனக்கு அசிங்கம். எதுக்கு வம்பு?”

“என் குரல்ல நான் பாடுறது வம்பா?”

“கொஞ்ச நாளைக்குத்தான் சொல்றேன். இந்தப் பதிப்பு ஓடி முடியட்டும்.”

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் சிக்கலே. கெட்ட எண்ணமாக இருந்தால் சண்டை போடலாம். தங்கைக்கு ஒரு கெட்ட பெயர் வந்துவிடக்கூடாதே என்ற அக்கறை அவர் முகத்தில் நன்றாகவே தெரிந்தது.

திங்கட்கிழமை முதல் போன் ஓயவில்லை. எல்லோருக்கும் 'தேன்' வேண்டியிருந்தது, எல்லோரும் வாங்கினார்கள், எல்லோரும் இம்முறை பெட்டியைச் சரியான இடத்தில்தான் போட்டார்கள். இருந்தும் யாருக்கும் குடை விரியவில்லை. “டிரம்முக்குள்ள பாடுற மாதிரி இருக்கும்மா.” “அந்தம்மாவுக்கு மட்டும் எப்படிம்மா அவ்வளவு நல்லா வேலை செஞ்சுது?” பாப்பா, மென்பொருளை மூடித் திறக்கச் சொன்னாள். கணினியையே மூடித் திறக்கச் சொன்னாள். அதற்குமேல் என்ன சொல்வது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மதியத்துக்குள் தன் வாயிலிருந்து வருகிற சொற்களின் ருசியே அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று. பக்கத்து அறையில் அண்ணன், நேரலையின் வெற்றியைப் பற்றிய வீடியோவுக்குச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

அப்போது வந்த அழைப்பில் பேசியவர், தான் பார்சல் வண்டி ஓட்டுவதாகச் சொன்னார். வண்டியை ரோட்டோரம் நிறுத்திவிட்டுப் பேசுகிறார் போலிருந்தது. இண்டிகேட்டர் 'டிக் டிக்' என்று அடித்துக்கொண்டிருந்தது. பின்னால் எஞ்சின் உறுமியது.

“பொட்டியெல்லாம் போட்டாச்சுங்க. அதுல பிரச்சினை இல்ல. எனக்கு வேற ஒண்ணு வேணும்.”

“சொல்லுங்க சார்.”

“அந்த நேரலையில ஒரு குடைப் பாட்டு வந்துச்சே. நானும் அதைத்தான் பாடிப் பாடிப் பாத்துட்டிருக்கேன். ஆனா நாலு வரிதான் தெரியுது. மிச்சம் எங்க கிடைக்கும்? எங்க தேடினாலும் வரல. யாரு பாட்டுங்க அது?”

இத்தனை போன்களில் ஒருவர்கூடப் பாட்டைப் பற்றிக் கேட்டதில்லை.

“இன்னும் வெளிய வரலைங்க” என்றாள்.

“ஓ. வந்தா சொல்லுவீங்களா? ஏன்னா, அந்தக் குடை கடைசில என்ன ஆச்சுன்னு தெரியாம எனக்கு மண்டை குடையுது. எவ்வளவு பார்சல் பாத்திருக்கேன், வாங்க ஆளே இல்லாம என் வண்டியிலயே ஊரு சுத்தும். அந்த மாதிரியே இருந்துச்சு.” கொஞ்சம் நிறுத்திவிட்டு, “அந்தம்மாவோட குரல் அப்படி இருக்க 'தேன்' எத்தனை பாயின்ட்ல வெச்சாங்க? நான் முழுசாத் திருப்பிட்டேன், எனக்கு வரல.”

“தேன் வைக்கல.”

“என்னது?”

“முதல்ல கேட்டது எதுவும் போடாத குரல். அட்டையை மாத்திக் காட்டினாங்க.” சொல்லிவிட்ட பிறகுதான் சொன்னது அவளுக்கே கேட்டது. இஸ்திரிப் பெட்டியின் சத்தம் அடுத்த அறையில் நின்றது. “அது என் குரல்ங்க. பாட்டும் என்னோடதுதான்.”

அந்தப் பக்கம் எஞ்சின் உறுமிக்கொண்டே இருந்தது. பிறகு அவர் சிரித்தார். “நீங்க போன் எடுக்கிறவங்கதானே? சும்மா சொல்லாதீங்க மேடம். இப்படித்தான் எங்க ஆபீஸ்லயும் வாட்ச்மேன் தன்னை மேனேஜர்ம்பான்.”

“உங்களை நம்பச் சொல்லல.”

“அப்ப மிச்சத்தைப் பாடுங்க பாப்போம். உங்களுதுன்னா தெரிஞ்சிருக்கணுமில்ல.”

அண்ணன் வாசலில் வந்து நின்றார். பாதி இஸ்திரி போட்ட சட்டை தோளில் கிடந்தது. 'கட் பண்ணு' என்று இரண்டு விரலைக் கத்தரிபோல ஆட்டினார். பிறகு அவர் உதடு மட்டும், 'பாப்பா, வேணாம்' என்றது. அப்போது அவர் டாக்டர் மாதிரியும் இல்லை, மைக் செட்காரர் மாதிரியும் இல்லை. தன் பரீட்சைத் தாளை அப்பாவிடம் காட்டவிடாமல் தடுக்கிற அண்ணன் மாதிரி இருந்தார். பாப்பா நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. தெருவில் யாரோ இரும்பு ஷட்டரை ஏற்றினார்கள். போனை வாய்க்கு அருகில் பிடித்தாள்.

*சீட்டுக்கு அடியில கெடந்து செருப்பு எண்ணுறேன்*
*வர்றதெல்லாம் அவ காலான்னு விரிஞ்சு சுருங்குறேன்*

இண்டிகேட்டரின் 'டிக் டிக்' அவள் தாளத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஓடியது. இரண்டாம் வரியின் நடுவில் அது நின்றது. பின்னாலேயே எஞ்சினும் நின்றது. அந்தப் பக்கத்துச் சாலையில் ஒரு பெரிய வண்டி மட்டும் கடந்து போயிற்று. அதன் இரைச்சல் தேய்ந்து தேய்ந்து முழுக்க அடங்கும்வரை பாப்பா காத்திருந்தாள். பிறகு அடுத்த வரிக்காக மூச்சை இழுத்துக்கொண்டாள்.